பாறை மேல் வண்டி ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல ரோடு இருக்கும்போது, இத்தனை பணம் போட்டு வாங்கிய வண்டியைப் பாறை மேல் ஏற்றி, அடியெல்லாம் இடிபட, நாள் முழுக்க ஊர்ந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவதில் என்ன சுகம் என்பது என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி. ‘வேகமாகப் போனாலாவது ஒரு திரில் இருக்கும், இதில் வேகமும் இல்லையே’ என்றும் கேட்டிருக்கிறார்கள். வேகம் இல்லை என்று குறையாகச் சொன்னார்களே, இந்த ஓட்டத்தின் உயிரே அதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃபால்சம் பக்கம். இங்கிருந்து கிழக்கே சியரா நெவாடா மலையேறினால் ரூபிகான் தடம் வந்துவிடும். பாறையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரிக்கரையில் இருக்கும் டஹோமா வரை ஏறக்குறைய 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். இங்கே இரண்டு நாள் எடுப்பது சாதாரணம். நடுவில் பக் ஐலண்ட் ஏரிக்கரையிலோ ரூபிகான் ஸ்பிரிங்ஸிலோ கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவார்கள். சட்டப்படி இது இன்றைக்கும் ஒரு பொதுச் சாலை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரூபிகான் ஸ்பிரிங்ஸில் ஊற்று நீருக்காக வருகிறவர்களுக்கென்று ஒரு விடுதியே நடந்தது, குதிரை வண்டிகள் போய் வந்தன. இன்று அந்தப் பாதையில் இருப்பது பழைய காலத்துப் பனியாறுகள் வழித்துவிட்டுப் போன கிரானைட் தளமும், அதன் மேல் கிடக்கும் உருண்டைப் பாறைகளும்தான். சில பாறைகள் கால் முட்டி உயரம், சில பானட் உயரம்.

சரி, அதில் என்ன சுகம்? ரோட்டில் ஓட்டும்போது கையும் காலும் தானாக வேலை செய்யும். மனசு ஆபீசிலோ வீட்டுக் கடனிலோ இருக்கும், வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும். பாறையில் அப்படி முடியாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முன் இடது டயர் எந்தக் கல்லில் ஏறும், அது ஏறும்போது வலது டயர் எங்கே இறங்கும், அந்த நேரத்தில் அடிவயிறு எதன் மேல் நிற்கும், பின் டயர் இதே கோட்டில் வருமா? வராது. திருப்பத்தில் பின் டயர் எப்போதும் முன் டயர் போன வழிக்கு உள்பக்கமாகத்தான் வெட்டி வரும். ஆகவே முன்னால் தாண்டிய கல்லைப் பத்தடி கழித்துப் பின் டயருக்காக மறுபடி நினைவில் எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நாலு டயரில் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாத நாலு டயரையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் இந்தக் கலை. இதில் ஊறிவிட்டால் அரை நாள் போனதே தெரியாது, வேறு எந்த நினைப்புக்கும் உள்ளே இடம் இருக்காது. வாரம் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் இதற்கு ஏன் இப்படி அலைகிறார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் செய்ய நினைப்பது ஒன்று உண்டு. பெரிய கல்லைக் கண்டால் அதை இரண்டு டயருக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார்கள். ரோட்டில் குழியைத் தவிர்த்துப் பழகிய கை அது. பாறையில் செய்ய வேண்டியது நேர் எதிர்: இருப்பதிலேயே உயரமான கல்லின் மேல் டயரைத் தூக்கி வைக்க வேண்டும். டயர் கல்லில் ஏறினால் ஆக்ஸிலும் அதோடு சேர்ந்து ஏறும், நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் குண்டுக்கு (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அடியில் இடம் கிடைக்கும். கல்லை நடுவில் விட்டால் அந்தக் குண்டு நேராகப் போய்க் கல்லில் உட்காரும், அப்புறம் வின்ச் போட்டு, அதாவது கயிறு சுற்றி இழுக்கும் எந்திரத்தை வைத்துத்தான் இழுக்க வேண்டும். பயமுறுத்துகிற கல்தான் பாதுகாப்பான கல் என்று உடம்புக்குப் புரிய ஒரு நாளாவது ஆகும். புரிந்த பிறகு பாதையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை லோ கியர். ஜீப் ரேங்ளர் ரூபிகான் மாடலை எடுத்துக்கொள்வோம் (இந்தத் தடத்தின் பெயரைத்தான் அந்த வண்டிக்கு வைத்தார்கள், 2003 மாடலில் முதலில் வந்தது). இப்போதைய தலைமுறை வந்தபோது அதன் மேனுவல் வண்டியில் முதல் கியரின் விகிதம் 5.13, விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4, ஆக்ஸில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 84 வரும். இன்ஜின் 84 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால், 33 அங்குல டயரில் வண்டி மணிக்கு ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். மனிதர் நடக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உராய்வில் போனது போக, இன்ஜினின் முறுக்குவிசை அத்தனை மடங்காகப் பெருகிச் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே செங்குத்தான படி மாதிரியான பாறையில்கூட வண்டி சத்தமே இல்லாமல், குதிக்காமல் ஏறும். இறங்கும்போது அதே கியர் பிடித்து நிறுத்தும், பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். கிளட்சை மட்டும் மிதித்துவிடக் கூடாது. மிதித்த நொடியில் அந்தப் பிடி போய்விடும், வண்டி தன் எடையில் ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்து டயரில் காற்று. தடத்தின் வாசலில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டிக் காற்றை இறக்குவார்கள். ரோட்டில் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் இங்கே 15 பக்கம் கொண்டுவருவார்கள். விளிம்பைப் பூட்டிப் பிடிக்கிற பீட்லாக் சக்கரம் போட்டவர்கள் 10-க்கும் கீழே போவார்கள். காற்று இறங்கிய டயர் நீளவாட்டில் தரையில் படியும், கூர்மையான கல்லைக் கை பொத்திப் பிடிப்பதுபோல் சுற்றிக்கொள்ளும். காற்று முழுக்க இருந்தால் அதே டயர் கல்லின் மேல் துள்ளி வழுக்கும். இதில் ஆபத்தும் உண்டு: காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும், அந்தச் சுவர்தான் டயரில் மெல்லிய இடம், கூர்மையான கல் கிழித்தால் பஞ்சர் ஒட்டுவதெல்லாம் அங்கே எடுபடாது. பாறை ஓட்டத்தில் டயருக்குச் செலவு செய்வதை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதல் பணத்தை டயரில் போடுங்கள், விளக்குகளிலும் ஸ்டிக்கரிலும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு டயர் அந்தரத்தில் நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க வீரமாக இருக்கும், ஓட்டுகிறவருக்கு அது தலைவலி. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை, ஆகவே தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. காற்றில் இருப்பது சும்மா சுற்றும், வண்டி அப்படியே நிற்கும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கரைப் போட்டால் இரண்டும் ஒரே தண்டாகச் சுற்றும், தரையில் இருப்பது இழுத்துக்கொண்டு போய்விடும். ரூபிகான் மாடலில் முன்னும் பின்னும் லாக்கர் உண்டு. நம் ஊர் மகிந்திரா தார் ஜீப்பில், 2020-இல் வந்த மாடலில், பின் ஆக்ஸிலுக்கு மெக்கானிக்கல் லாக்கர் கொடுத்தார்கள். ஆனால் லாக்கரைவிட நல்லது டயர் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது. அதற்குத்தான் நீளமாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். ஒரு பக்கச் சக்கரம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே தள்ளப்படுகிற பழைய பாணி முழு ஆக்ஸிலை இந்த ஓட்டத்தில் இன்றும் மதிக்கிறார்கள்.

பாறை என்றால் எல்லாப் பாறையும் ஒன்றல்ல. ரூபிகானின் கிரானைட் சொரசொரப்பாக இருந்தாலும், பல வருஷமாக டயர் தேய்த்துத் தேய்த்துச் சில இடங்களில் வழவழப்பாகிவிட்டது. அதன் மேல் மண் தூசி படிந்தாலோ ஈரம் பட்டாலோ பிடிமானம் சட்டென்று குறையும். பிக் ஸ்லூஸ் என்ற இடத்தில் பாறைகள் வாய்க்கால் மாதிரியான பள்ளத்துக்குள் நெருங்கிக் கிடக்கும், இடது வலது ஒதுங்க இடமே இருக்காது. கடைசியில் கேடிலாக் ஹில் ஏற்றம், குறுகலான வளைவும் ஒரு பக்கம் சரிவுமாக. இதற்கு நேர் மாறானது யூட்டா மாநிலத்தில் மோயப். அங்கே மணற்பாறை. உப்புத்தாள் மாதிரி அது ரப்பரைப் பிடித்துக்கொள்ளும். லாடம் அடித்த குதிரைக்கு வழுக்குகிற அதே பாறையில், காற்று இறக்கிய டயர் நம்ப முடியாத சரிவில் ஏறும். கண்ணாடிக்கு வெளியே வானம் மட்டும்தான் தெரியும், அடுத்த பத்தடிக்குப் பாறை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 1967-இல் அந்த ஊர் வர்த்தக சபை தொடங்கிய ஈஸ்டர் ஜீப் சஃபாரி இன்றும் நடக்கிறது. மோயப் தைரியத்தைச் சோதிக்கும், ரூபிகான் பொறுமையைச் சோதிக்கும் என்பது என் கணக்கு. எனக்கு இரண்டில் பிடித்தது ரூபிகான்தான்.

இப்போது ஸ்பாட்டரைப் பற்றி. ஓட்டுகிறவருக்கு டயர் தெரியாது என்றேன் அல்லவா, அதற்காக ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று வழி சொல்வார். நம் ஊரில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் தட்டித் தட்டிச் சொல்கிற அதே வேலைதான், ஆனால் இங்கே அங்குலக் கணக்கு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் நாலு பக்கமிருந்து கத்தினால் வண்டி எங்காவது தொங்கும். ஸ்பாட்டர் ஓட்டுகிறவரைப் பார்த்து நிற்பதால் இடது வலது குழம்பும், அதனால் இங்கே பலர் ‘டிரைவர்’, ‘பாசஞ்சர்’ என்றுதான் சொல்வார்கள்: டிரைவர் என்றால் டிரைவர் உட்கார்ந்திருக்கும் பக்கமாக ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். வார்த்தையைவிடக் கைதான் முக்கியம். இரண்டு கையையும் தூக்கி ஒரு பக்கம் சாய்த்தால் ஒடி, உள்ளங்கையை உள்பக்கம் அசைத்தால் வா, முஷ்டியை மடக்கினால் நில். நில் என்றால் உடனே நில், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஸ்பாட்டர் நிற்கும் இடத்துக்கும் விதி உண்டு. வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நிற்கக் கூடாது, வண்டி வழுக்கினால் வந்து விழுகிற பக்கத்திலும் நிற்கக் கூடாது.

இந்த உறவுதான் என்னை இதில் கட்டிப்போட்டது என்று சொல்லலாம். கண்ணாடிக்கு அப்பால் நிற்கிற ஒருவரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, என் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் வண்டியின் மூக்கை இறக்குகிறேன். அவர் கை லேசாக அசைகிறது, அரை அங்குலம் ஒடிக்கிறேன். கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் பேனலுக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியில் வண்டி கடக்கிறது. அடுத்த வண்டிக்கு நான் இறங்கி நிற்கிறேன், அவர் ஓட்டுகிறார். பேரே சரியாகத் தெரியாத ஆட்களோடு இந்த நம்பிக்கை அரை மணியில் வந்துவிடும். தனியாகப் போவது முட்டாள்தனம் என்பதால், எல்லோரும் கூட்டமாகத்தான் போவார்கள், ஒருவர் மாட்டினால் எல்லோரும் நிற்பார்கள். முன்னால் போனவர் ‘எனக்கென்ன’ என்று போய்விடுவது இங்கே நடக்காது.

வண்டி உடையாதா என்றால், உடையும். பெரும்பாலும் பாறை உடைப்பதில்லை, அவசரம்தான் உடைக்கிறது. டயர் வழுக்கிச் சுற்றும்போது ஓட்டுகிறவர் பொறுமையிழந்து இன்னும் மிதிப்பார், டயர் துள்ளும், துள்ளின டயர் சுற்றிக்கொண்டே திடீரென்று கல்லைப் பிடிக்கும். அந்த ஒரு நொடியில் மொத்த விசையும் ஆக்ஸில் ஷாஃப்டிலும் அதன் குறுக்கு ஜாயின்டிலும் வந்து விழும், படீரென்று போய்விடும். அதனால்தான் தெரிந்தவர்கள் டயர் சுற்ற ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட்டு, பின்னால் வந்து, ஒரு அடி தள்ளி வேறு லைன் பிடிப்பார்கள். உடைந்தால் அங்கேயே பாறை மேல் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி ஷாஃப்டை மாற்றுவார்கள். மாற்று ஷாஃப்ட் யாராவது ஒருவர் வண்டியில் இருக்கும். இப்படி ரிப்பேர் செய்து பழகியவர்களுக்குத் தங்கள் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். கீழே என்ன சத்தம் வருகிறது, அது பாதுகாப்புத் தகடு உரசுகிற சத்தமா, ஸ்பிரிங் பட்டை முனகுகிற சத்தமா என்று காதே பிரித்துச் சொல்லும். வண்டியை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள ரோட்டில் வழியே இல்லை.

உயிருக்கு ஆபத்து? மெதுவாகப் போவதால் அடி குறைவு, ஆனால் கவிழலாம். பக்கவாட்டில் 20 டிகிரி சாய்ந்தாலே உடம்பு கவிழப் போவதாகப் பதறும், வண்டிக்கு அதற்கு மேலும் தாங்கும். பதறுகிறவர்கள் தன்னையறியாமல் கையை வெளியே நீட்டி வண்டியைத் தாங்கப் பார்ப்பார்கள், அதுதான் பெரிய ஆபத்து. பெல்ட் போட்டு, கையை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய ஜீப்பில் இன்னொன்று: கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விட்டுப் பிடிக்கக் கூடாது. முன் டயர் கல்லில் அடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுற்றும், கம்பி கட்டை விரலை ஒடித்துவிடும். வின்ச் கயிறு இழுவையில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, தாண்டவும் கூடாது.

இயற்கையைக் கெடுக்கிறீர்களே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தடத்திலேயே, பாறை மேலேயே போனால் சேதம் குறைவு. தடத்தை விட்டு மண்ணில் இறங்கினால்தான் கேடு. மோயப் பக்கம் பாலைமண்ணின் மேல் நுண்ணுயிர்கள் கட்டியெழுப்பிய கருப்பு மேலோடு ஒன்று உண்டு, ஒரு டயர் தடம் பட்டால் அது ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். ரூபிகானில் ஸ்பைடர் ஏரிப் பக்கம் மனிதக் கழிவு பெருகி 2004-இல் முகாமிடுவதையே நிறுத்தினார்கள். பாறை நிலத்தில் மண் குறைவு, புதைத்தாலும் மக்காது. இப்போது பொறுப்பாகப் போகிறவர்கள் கழிவைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவருகிறார்கள், ஆயில் கசிந்தால் உறிஞ்சி எடுக்கும் விரிப்புகளை வண்டியில் வைத்திருக்கிறார்கள். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ரூபிகான் என்ற தொண்டர் கூட்டமைப்பு தடத்தைச் செப்பனிடவும் திறந்து வைத்திருக்கவும் வேலை செய்கிறது. இந்த அக்கறை இல்லாதவர்கள் வராமல் இருப்பதே நல்லது, அவர்களால்தான் தடங்கள் மூடப்படுகின்றன.

இந்த ஓட்டம் இங்கே வேர் பிடித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. போருக்காகச் செய்த ஜீப்புகள் உபரியாக மலிவு விலைக்கு வந்தன. ஜார்ஜ்டவுன்காரர்கள் 1953-இல் ஜீப்பர்ஸ் ஜம்போரி என்று ஒரு கூட்டத்தைத் திரட்டி ரூபிகான் வழியாக டாஹோவுக்குப் போனார்கள், அது வருஷா வருஷம் தொடர்கிறது. போருக்கு ஜீப் செய்து கொடுத்த வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்பைத்தான் மகிந்திரா 1940-களின் கடைசியில் இந்தியாவில் பாகங்களைச் சேர்த்துக் கட்டத் தொடங்கியது. நம் மலைகளில் ஓடுகிற ஜீப்புகளின் பூர்வீகமும் அதுவே.

ஆகவே இதை ருசி பார்க்க அமெரிக்கா வர வேண்டியதில்லை. கொழுக்குமலைக்குப் போங்கள். தேனி மாவட்டத்தில் 7,000 அடிக்கும் மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம், ஆனால் வண்டி ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் அங்குள்ள ஜீப் ஓட்டுநர்கள் விடியலுக்கு முன்பே இருட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரும்பாலோர் சூரிய உதயத்துக்காகப் போகிறார்கள், குலுக்கலைத் தண்டனையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது இருட்டில் சரியாகத் தெரியாது, வெளிச்சத்தில் இறங்கும்போது பாருங்கள். அடுத்த கல் வருவதற்கு முன்பே அவர் எந்தப் பக்கம் ஒடிப்பார் என்று நீங்களாக ஊகியுங்கள், எத்தனை தடவை சரியாக வருகிறது என்று கவனியுங்கள். அவர் எந்தக் கல்லில் டயரை வேண்டுமென்றே ஏற்றுகிறார், எங்கே கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுகிறார் என்று பாருங்கள். ஏறும்போது பிடித்த லைனை இறங்கும்போது பல இடங்களில் பிடிக்க மாட்டார். ஏன் அண்ணே என்று வண்டி நின்றதும் கேளுங்கள், தொழில் தெரிந்தவர்கள் இதைச் சொல்ல ஆசைப்படுவார்கள்.